குண்டுவெடிப்பு போன்ற அவசர நிலைக்கு ஒரு சாதாரணக் குடும்பம் எவ்வாறு ஆயத்தமாக இருப்பது?

வெள்ளவத்தை வாசகி:
2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு தேவாலயங்களிலும் கொழும்பின் மூன்று ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். எங்கள் வீட்டில் எவருக்கும் காயமில்லை. ஆனாலும் கோட்டைப் பக்கம் வேலைக்குப் போயிருந்த கணவரைப் பற்றி மாலை வரை ஒரு தகவலும் கிடைக்காமல் தவித்தோம். அம்மா இன்சுலின் போடுபவர். பிள்ளைகள் இருவரும் தனியார் வகுப்புகளுக்குப் பேருந்தில் போய்வருகிறார்கள். யுத்த காலத்தில் வளர்ந்த எங்களுக்குப் பதுங்குகுழி வெட்டத் தெரியும், ஆனால் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நகரின் நடுவே நிகழும் ஒன்றுக்கு வீட்டில் எதை ஆயத்தம் செய்வது என்று தெரியவில்லை. பிள்ளைகளைப் பயமுறுத்தாமல் செய்யக்கூடியவற்றைக் கூறுங்கள்.

மட்டுநகர் தாதி (ஓய்வு):
தங்கச்சி, முதலில் இரத்தப்போக்கை நிறுத்தப் பழகுங்கள். தொடையிலுள்ள பெரிய நாடி அறுந்தால் சில நிமிடங்களிலேயே உயிர் போய்விடும். அம்புலன்ஸ் அதற்குள் வந்து சேரும் என்று எண்ணியிருக்க முடியாது. சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து, இரு கைகளாலும் உடல் பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று துணியைத் தூக்கிப் பார்க்கக் கூடாது. அது நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணியை வைத்து அழுத்துங்கள். கையிலோ காலிலோ இரத்தம் அப்படியும் நிற்காவிட்டால், காயத்துக்கு நான்கு விரல் மேலே, மூட்டின் மீது படாமல், அகலமான துணிப்பட்டியைக் கட்டி, அதில் ஒரு தடியைச் செருகி, இரத்தம் நிற்கும் வரை முறுக்கி, கட்டிய நேரத்தைக் குறித்து வையுங்கள். உள்ளே குத்தி நிற்கும் இரும்பையோ கண்ணாடியையோ பிடுங்கவே வேண்டாம். உயர்வகுப்புப் பிள்ளைகளும் இதை ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்வார்கள். 1990 அம்புலன்ஸ், 119 பொலிஸ் ஆகிய இரண்டு இலக்கங்களும் அவர்களுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லி வையுங்கள்: வெடித்த இடத்தைப் பார்க்கப் போகக் கூடாது. அன்று காலைக் குண்டுகளுக்குப் பல மணி நேரம் கழித்து தெஹிவளையிலும் தெமட்டகொடையிலும் மீண்டும் வெடித்தது. மறுநாள் கொச்சிக்கடைத் தேவாலயத்துக்கு அருகே நிறுத்தப்பட்டிருந்த வேன் ஒன்றும் வெடித்தது.

கொட்டாஞ்சேனை ஆசிரியர்:
தாதி அம்மா கூறியதற்கு அடுத்தபடியாக, தொடர்பு அறுந்துபோவதற்கே நீங்கள் ஆயத்தமாக வேண்டும் என்பது என் எண்ணம். அன்று முகநூல், வாட்ஸ்அப், வைபர் எல்லாம் முடக்கப்பட்டன. அந்தத் தடை மாத முடிவு வரை நீடித்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் அழைத்தால் தொலைபேசி இணைப்பும் கிடைப்பது கடினம். ஆதலால் யாழ்ப்பாணத்திலோ கண்டியிலோ உள்ள ஓர் உறவினரை நடுவராக வைத்துக்கொண்டு, "நலம், இன்ன இடத்தில் இருக்கிறேன்" என்ற குறுஞ்செய்தியை அனைவரும் அவருக்கே அனுப்பும்படி இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். அவருடைய இலக்கம் கைபேசியில் மட்டுமல்ல, புத்தகப்பையிலுள்ள ஒரு தாளிலும் இருக்கட்டும். தனியார் வகுப்பு நடத்துபவரிடம், இத்தகைய நாளில் பிள்ளைகளை உள்ளேயே வைத்திருப்பாரா, யாரிடம் ஒப்படைப்பார் என்று நேரில் கேட்டுவிடுங்கள். பெற்றோர் ஒரே வேளையில் வாகனங்களோடு ஓடிவந்தால் அம்புலன்ஸுக்கும் வழி இராது.

ஊரடங்கு எத்தனை நாள் நீடிக்கும் என்று முன்கூட்டி அறிய முடியாது. அம்மாவின் இன்சுலினும் ஊசிகளும் எப்போதும் இரு வாரத்துக்கு மேலதிகமாக இருக்கட்டும். மின்சாரம் நின்றால், சுற்றிலும் ஈரமணல் இட்ட மண்சட்டிக்குள், இன்சுலினில் நீர் படாதபடி மூடி நிழலில் வைத்தால் சூடு ஏறுவதைக் குறைக்க உதவும்.

வெள்ளவத்தை வாசகி:
இருவருக்கும் மிக்க நன்றி. எங்கள் மாடிக்குடியிருப்பில், முஸ்லிம் குடும்பங்களின் வருகை போக்கைக் கவனித்துக் குறித்து வைக்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். அதுவும் ஆயத்தத்தில் அடங்குமா? என் மனம் ஒப்பவில்லை.

குளியாப்பிட்டி வாசகர்:
அடங்காது, சகோதரி. அதே ஆண்டு மே மாதம் எங்கள் பக்கத்திலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. குண்டுவெடிப்போடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள் தம் வீட்டுக் கதவுக்குப் பின்னால் விளக்கை அணைத்துவிட்டு இருந்தார்கள். ஒரு குடும்பத்தின் ஆயத்தத்தில் இந்த இரண்டாவது ஆபத்தும் சேர வேண்டும். கேட்பாரற்றுக் கிடக்கும் பையையோ வாகனத்தையோ கண்டால் தொடாமல் விலகி 119க்குத் தெரிவிப்பது சரியான விழிப்பு. ஒருவருடைய பெயரையும் உடையையும் பார்த்துக் குறிப்பெடுப்பதால் எவருக்கும் பாதுகாப்பு வராது, உண்மையான தகவலை முதலில் சொல்லக்கூடியவர்களின் வாயையும் அது அடைத்துவிடும். அந்தக் குடும்பங்களையும் அழைத்து, தாதி அம்மா சொன்ன பயிற்சியை மாடி முழுவதற்குமாக நடத்துங்கள். உங்கள் கணவர் வீடு வந்து சேராத நாளில் அம்மாவுக்கு இன்சுலின் போடத் தெரிந்தவர் பக்கத்துக் கதவிலேயே இருக்கக்கூடும். அதையும் கேட்டு வையுங்கள்.