கலைச்சொல்: மூளைக்கட்டியின் ‘கிரேடு’ தரமா, கடுமைப்படியா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

காந்தப் பரிவுக் கருவியால் (எம்ஆர்ஐ) திசுவின் வேதிப்பொருள்களை அளக்கும் ‘ஸ்பெக்ட்ராஸ்கோபி’ கொண்டு மூளைக்கட்டியின் ‘கிரேடை’, அதாவது அது எவ்வளவு கொடியது என்னும் படியை, அறிவதைக் குறிக்க ‘நிறமாலையியல்’, ‘தரம்’, ‘கண்டறிதல்’ என்னும் சொற்கள் இங்கு முன்வைக்கப்பட்டன. அவற்றுள் ‘நிறமாலையியல்’ பழகிய சொல்தான். ஆயினும் 3 டெஸ்லா காந்தப்புல வலிமை கொண்ட கருவியில் நீரக (ஹைட்ரஜன்) அணுக்கருக்கள் ஏறத்தாழ 128 மெகாஹெர்ட்சில், அதாவது வானொலி அலையில், பரிவுறுகின்றன. அங்கே நிறத்துக்கு இடமில்லை. ஆகவே ‘காந்தப் பரிவு அலைமாலை’ என்பதை ஏற்கலாம்.

என் மறுப்பெல்லாம் ‘கிரேடு’க்குத் ‘தரம்’ என்று வைப்பதில்தான். உயர்தர அரிசி, உயர்தர உணவகம் என்று நாள்தோறும் கேட்பவர், தம் தாயின் அறிக்கையில் ‘உயர்தரக் கட்டி’ என்று படித்தால் என்ன நினைப்பார்? இலங்கையிலோ உயர்தரம் என்றால் பள்ளிப் பரீட்சை. மிகக் கொடிய கட்டியை மேன்மையைக் குறிக்கும் சொல்லால் அழைப்பது நோயாளிக்குச் செய்யும் அநீதி. ‘நிலை’யும் உதவாது, அது நோய் உடலில் எவ்வளவு பரவியது என்பதைச் சொல்வது. கிளையோமாக்கள் எனும் மூளைக்கட்டிகள் மண்டைக்கு வெளியே பரவுவது அரிது. அங்கே அறிய வேண்டியது அவற்றின் வளர்ச்சி எவ்வளவு மூர்க்கமானது என்பதே. எனவே ‘கடுமைப்படி’ என்பதை முன்மொழிகிறேன். உலக நலவாழ்வு அமைப்பின் 1 முதல் 4 வரையான எண்களோடு ‘நான்காம் கடுமைப்படி’ என்று இயல்பாக இணையும்.

அலைமாலையால் கடுமைப்படியைக் ‘கண்டறிதல்’ என்பதைவிட ‘மதிப்பிடல்’ என்பதே சரி. அலைமாலை வரைபடத்தில் ஒவ்வொரு வேதிப்பொருளும் தனக்குரிய இடத்தில் முகடாகத் தெரியும்; அவ்விடத்தைக் குறிக்கும் அளவே பிபிஎம். உயிரணுச் சவ்வு விரைந்து உருவாகி அழியும்போது 3.2 பிபிஎம்மில் சவ்வோடு தொடர்புடைய கோலின் என்னும் பொருளின் முகடு உயர்கிறது. நரம்பணுக்கள் குறையக் குறைய 2.0 பிபிஎம்மில் அவற்றில் உள்ள என்-அசிட்டைல் அஸ்பார்ட்டேட் என்னும் பொருளின் முகடு தாழ்கிறது. திசு மடிந்த இடத்தில் 0.9 முதல் 1.3 வரை கொழுப்பு முகடுகள் எழுகின்றன. இவற்றின் விகிதங்கள் கடுமைப்படியை உய்த்துணர உதவுமே தவிர உறுதி செய்யா. சிறுவர்களிடம் காணப்படும் பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா முதற்படிக் கட்டியே ஆனாலும், அதில் கோலினும் லாக்டேட்டும் உயர்ந்து கடுமையான கட்டியைப் போலத் தோற்றம் தருவதுண்டு. மேலும், உலக நலவாழ்வு அமைப்பின் 2021ஆம் ஆண்டு வகைப்பாட்டில் சில மரபணு மாற்றங்களே நான்காம் படியைத் தீர்மானிக்கப் போதுமானவை; திசு ஆய்வுக்கும் மரபணு ஆய்வுக்கும் ஈடாக அலைமாலையை வைக்க இயலாது.

ஆக, முழுத்தொடர்: ‘காந்தப் பரிவு அலைமாலைவழிக் கடுமைப்படி மதிப்பீடு’. ‘வீரியப்படி’ என்பாரும் உளர். விதைக்கும் மருந்துக்கும் வழங்கும் அச்சொல்லில் பாராட்டின் சாயல் இருப்பதால் நான் விலக்கினேன். மாற்றுக் கருத்துடையோர் எழுதுமாறு வேண்டுகிறேன்.