ஊதுபத்திப் புகை, புட்டு ஆவி, பொங்கல் பானை: கண்ணுக்குத் தெரியுது, படத்திலை விழுதில்லை

கொக்குவில்_கமரா:

வணக்கம் அண்ணைமார், அக்காமார். என்னட்டை இருக்கிறது கெனன் 700டி, 18–55 லென்ஸ், 50 மிமீ எஃப் 1.8, ஒரு யொங்நுவோ 560 பிளாஷ். ரிமோட் ட்ரிகர் (தூர வைச்ச பிளாஷை வெடிக்கவைக்கிற கருவி) இல்லை.

ஊதுபத்திக்குப் பின்னாலை கறுப்புச் சீலை கட்டி, பிளாஷைக் கமராவிலையே மாட்டி எடுத்தால் சீலை சாம்பல் நிறமாத் தெரியுது, புகை மெல்லிய கறை மாதிரிக் கிடக்கு. போகஸும் முன்னும் பின்னும் ஓடுது. நீத்துப்பெட்டியாலை புட்டுக் கொட்டேக்கை ஆவி பறக்குது, படத்திலை ஒண்டும் இல்லை. தைப்பொங்கலுக்கு முற்றத்திலை எடுத்த பானைப் படத்திலை ஆவி வானத்தோடை கலந்து காணாமற் போட்டுது. ஷட்டர், ஐஎஸ்ஓ எண்களோடை சொன்னால் நல்லம்.

பனங்காடு:

தம்பி, மூண்டுக்கும் காரணம் ஒண்டுதான். வெளிச்சம் உங்கட பக்கத்திலை நிக்குது. புகைத் துகளும் ஆவித் துளியும் தங்களிலை படுற வெளிச்சத்தைப் பெரும்பாலும் அது போற திசைக்கே சிதறவிடும், வந்த பக்கம் திருப்பி அனுப்புறது கொஞ்சம். அதாலை விளக்கு புகைக்குப் பக்கத்திலை அல்லது பின்பக்கத்திலை நிக்கவேணும், பின்னணி இருட்டாய் இருக்கவேணும். நான் ஊதுபத்தியை மட்டும் சொல்லுறன், மற்றதை ஆக்கள் சொல்லுவினம்.

மேசையைச் சுவரிலை இருந்து ஒண்டரை மீற்றராவது முன்னுக்கு இழுங்கோ. சீலை வெல்வெட் எண்டால் நல்லம், பொலியெஸ்டர் பளபளக்கும். பிளாஷைப் புகைக்கு இடப்பக்கம் ஒரு முழம் தள்ளி, புகையை விடக் கொஞ்சம் பின்னுக்கு வையுங்கோ. அதின்ரை வாயிலை இரண்டு கறுப்பு மட்டை ஒட்டுங்கோ. ஒண்டு சீலைப் பக்கம், மற்றது லென்ஸ் பக்கம். சீலைப் பக்க மட்டை இல்லாட்டி உங்கட சாம்பல் நிறம் திரும்பவும் வரும். வலப்பக்கம் ஒரு வெள்ளை மட்டை நிறுத்தினால் புகையின்ரை மற்றக் கரையும் தெரியும்.

ட்ரிகர் தேவையில்லை. கமராவின்ரை சின்ன பிளாஷைத் திறந்து, மெனுவிலை மனுவலுக்கு மாத்தி ஆகக் குறைந்த அளவிலை வையுங்கோ. 560ஐ எஸ்1க்குப் போடுங்கோ, மற்றப் பிளாஷின்ரை மின்னலைப் பார்த்துத் தானும் வெடிக்கிற மோட் அது. சின்ன பிளாஷ் தானியங்கியிலை கிடந்தால் படத்துக்கு முதல் ஒரு முன்மின்னல் அடிக்கும். எஸ்1 அதைப் பார்த்து முந்தி வெடிச்சிடும், படம் இருட்டாய் வரும். அப்பிடியெண்டால் முன்மின்னலைக் கணக்கெடுக்காத எஸ்2. சின்ன பிளாஷ் நேரே புகையிலை படாமல் முன்னாலை ஒரு மட்டைத் துண்டைச் சாய்ச்சுப் பிடிச்சு 560 பக்கம் திருப்பிவிடுங்கோ.

எம் மோட் (எல்லாம் கையாலை வைக்கிறது), 1/200, எஃப் 8, ஐஎஸ்ஓ 100, பிளாஷ் வலு 1/16. முதல் பிளாஷ் இல்லாமல் ஒரு படம் அடியுங்கோ. அது முழு இருட்டாய் வரவேணும். வராட்டி அறையிலை எங்கையோ வெளிச்சம் ஒழுகுது. இங்கை புகையை நிறுத்துறது ஷட்டர் இல்லை, பிளாஷ். முழு வலுவிலை அது கனநேரம் எரியும், புகைக் கரை மங்கும். 1/16இலை ஒரு செக்கனிலை சில ஆயிரத்திலை ஒரு பங்குதான். படம் இருட்டெண்டால் வலுவைக் கூட்டாதேங்கோ. பிளாஷைக் கிட்டக் கொண்டுபோங்கோ, அல்லது ஐஎஸ்ஓவை 200, 400 ஆக்குங்கோ. ஷட்டரை 1/200க்கு மேலை கூட்டினால் படத்தின்ரை ஒரு கரையிலை கறுப்புப் பட்டி விழும்.

போகஸுக்கு: பத்தி நுனிக்கு மேலை, புகை போற இடத்திலை ஒரு பென்சிலைப் பிடிச்சு டோர்ச் அடிச்சுப் போகஸ் பண்ணி, லென்ஸை எம்எஃப்க்கு (கைப் போகஸ்) மாத்துங்கோ. பிறகு தொடவேண்டாம். 50 மிமீ லென்ஸிலை 70 சென்ரிமீற்றர் தூரத்திலை எஃப் 8 எண்டால் தெளிவாய் வாற ஆழம் ஏறத்தாழ 6 சென்ரிமீற்றர். எஃப் 1.8இலை ஒண்டரைக்கும் குறைவு, அதிலை புகை தப்பிடும்.

யன்னல் பூட்டு, விசிறி நிற்பாட்டு. அடங்கின காத்திலை புகை ஒரு சாண் அளவுக்கு நூல் பிடிச்ச மாதிரி நேரே போய், பிறகு உடைஞ்சு சுருளும். அந்த உடையிற இடத்தைத்தான் படச் சட்டத்துக்குள்ளை வையுங்கோ, அதிலைதான் இழை இழையாய் வடிவம் இருக்கு. 10–15 படத்துக்குப் பிறகு அறை முழுக்கப் புகை மண்டிக் கறுப்பு வெளிறும். யன்னலைத் திறந்து பத்து நிமிசம் விட்டிட்டுத் தொடங்குங்கோ.

குசினி_வெளிச்சம்:

புட்டுக்கு நான் சொல்லுறன் தம்பி. கேத்தில் கொதிக்கேக்கை அதின்ரை வாயை உத்துப் பாருங்கோ. வாய்க்கும் வெள்ளைக்கும் இடையிலை ஒரு விரலளவு வெறும் இடம் தெரியும். உண்மையான நீராவி அந்த வெறும் இடம்தான், அதுக்கு நிறமில்லை. வெளிக்காத்திலை குளிர்ந்து நுண்துளியானாப் பிறகுதான் வெள்ளை. மத்தியானம் குசினியிலை 32 பாகையிலை துளி உண்டானவுடனை காய்ஞ்சு போகும். விடிய ஆறு மணிக்கு, அல்லது மழை விட்ட நேரம் எடுங்கோ. காத்துக் குளிர்ந்து ஈரமாய் இருந்தால் ஆவி நிண்டு தெரியும்.

கோப்பைக்குப் பின்னாலை ஒரு பக்கமாய் யன்னல் அல்லது பின்கதவு இருக்கட்டும், ஆனால் அது படத்துக்குள்ளை வரக்கூடாது. கோப்பைக்கு நேர் பின்னாலை கறுத்தப் பலகை. அரிசிமாப் புட்டும் வெள்ளை, தேங்காய்ப்பூவும் வெள்ளை, ஆவியும் வெள்ளை. அதாலை சிவப்பு அரிசிமா அல்லது குரக்கன் புட்டு நல்லாய் எடுபடும். 1/250, எஃப் 4, ஐஎஸ்ஓ 800இலை தொடங்குங்கோ. 1/60க்குக் கீழை போனால் ஆவி ஒரே மூட்டமாய்ப் போகும். கமராவை நம்பினால் இருட்டுப் பின்னணியைப் பார்த்துக் கூட்டி அடிக்கும், அதாலை வெளிச்சத் திருத்தத்தை −1 வையுங்கோ.

இரண்டு நீத்துப்பெட்டி வேணும். ஒண்டிலை ஆறின புட்டு. அதைக் கொட்டிச் சட்டம், போகஸ், வெளிச்சம் எல்லாம் சரிபார்க்கலாம். மற்றது அடுப்பிலை அவியட்டும். சூடானதைக் கவிழ்த்தவுடனை கூம்பு உடையாமல் நிக்கும், ஆவி உள்ளுக்கை அடைஞ்சு கிடக்கும். அகப்பைக் காம்பாலை உச்சியிலை மெல்லப் பிளந்துவிடுங்கோ. அந்த வெடிப்பாலை ஒரேயடியாய் எழும்பும். நல்ல ஆவி 15–20 செக்கன்தான், தொடர் மோடிலை அடியுங்கோ.

நனைச்ச பஞ்சைச் சூடாக்கிக் கோப்பைக்குப் பின்னாலை ஒளிச்சு வைக்கச் சொல்லி ஆரும் சொன்னால் கேளாதேங்கோ. ஆவி பின்னாலை தூண் மாதிரி எழும்பும், புட்டிலை இருந்து வராது. தினம் புட்டு அவிக்கிற வீட்டிலை அது உடனை பிடிபடும்.

பனங்காடு:

அக்கா, புட்டுக்குச் சரி. தேத்தண்ணிக்கு அந்தப் பஞ்சு பிழையில்லை எண்டது என்ரை எண்ணம். கோப்பையின்ரை விளிம்புக்கு மேலாலைதானே வருது, வித்தியாசம் தெரியாது.

கொக்குவில்_கமரா:

நன்றி அண்ணை, அக்கா. பொங்கல் பானைக்கு எந்தப் பக்கம் நிக்கிறது? ஊதுபத்திப் புகை நீலமாயும் சாம்பிராணி வெள்ளையாயும் விழுது, அது கமராப் பிழையோ?

வல்லைவெளி:

கமராப் பிழை இல்லை. ஊதுபத்தித் துகள் மிகச் சிறிது, நீலத்தைக் கூடச் சிதறும். தணலிலை போட்ட சாம்பிராணி அடர்த்தியாய், பெரிய துளியாய் வரும், அது எல்லா நிறத்தையும் ஒரே அளவிலை சிதறும், அதாலை வெள்ளை. அந்த நீலத்தை அழிக்காதேங்கோ. வைட் பலன்ஸை (நிறச் சமநிலை) பகல் வெளிச்சத்திலை நிறுத்தி ரோவிலை (கமரா சுருக்காமல் தாற கோப்பு) எடுங்கோ. லென்ஸிலை பொலரைசர் (பளபளப்பைக் குறைக்கிற பில்டர்) இருந்தால் கழட்டுங்கோ, பக்கத்து வெளிச்சத்திலை நீலப் புகையை அதுதான் விழுங்கும்.

இனிப் பொங்கல். தை மாசம் சூரியன் நேர் கிழக்கிலை எழும்பாது. யாழ்ப்பாணத்திலை பொங்கலண்டு ஏறத்தாழ 21 பாகை தெற்குப் பக்கம் சரிஞ்சு, ஆறரை மணியளவிலை வரும். வாடைக்காத்து வடகிழக்காலை வந்து புகையைத் தென்மேற்கே சாய்க்கும். அதாலை நீங்கள் பானைக்கு வடமேற்கு ஓரமாய் நில்லுங்கோ. சூரியன் ஆவிக்குப் பின்னாலை வரும், கண்ணும் லென்ஸும் புகைக்குத் தப்பும்.

ஆவியை வானத்துக்கு எதிரிலை பிடிக்கிறதுதான் போன முறை நடந்த பிழை. கிழக்குப் பக்கம் கிடுகு வேலி இருந்தால் அதை விடாதேங்கோ. விடிய அதின்ரை உங்கட பக்கம் நிழலாய், கறுப்பாய் இருக்கும், அதைவிட நல்ல சீலை கிடையாது. பானையை வேலியிலை இருந்து ஆறேழு மீற்றர் தள்ளி வைக்கச் சொல்லிக் கேளுங்கோ. கிட்ட வைச்சால் ஆவியும் நிழலுக்குள்ளை அமர்ந்திடும். ஆளுயர வேலி எண்டால் சூரியன் அதுக்கு மேலாலை வந்து ஆவியிலை பட 40 நிமிசமளவு செல்லும், பால் பொங்குற நேரத்தை அதுக்கேற்ற மாதிரி வீட்டிலை பேசுங்கோ. கமராவை நெஞ்சளவு உயரத்திலை பிடிச்சால் வேலி பின்னணியாய் நிக்கும், குனிஞ்சால் வானம் வந்திடும். 1/500, எஃப் 5.6, ஐஎஸ்ஓ 200, −1. சூரியன் லென்ஸிலை அடிச்சால் ஒரு ஓலைத் துண்டாலை மறையுங்கோ.

ஈர விறகு வேண்டாம், அதின்ரை புகை ஆவியை மூடிப்போடும். காஞ்ச பாளை, பனைமட்டை நல்லாய் எரியும்.

கற்பூரம் இதுக்கு நேர்மாறு. அதின்ரை கரும்புகை வெளிச்சத்தை விழுங்கும், அதாலை பின்னணி வெளிச்சமாய் இருக்கவேணும். நல்லூரிலை கோயிலுக்குள்ளை படம் எடுக்க விடமாட்டினம், வெளிவீதியிலை வானத்துக்கு எதிரிலை எடுக்கலாம்.

போறணை:

ஒரு விசயம் விடுபட்டுப் போச்சு. ஏசி அறையிலை கிடந்த கமராவை அப்படியே குசினிக்குக் கொண்டுபோனால் லென்ஸிலை ஈரம் படியும், துடைச்சாலும் திரும்பப் படியும். பொலித்தீன் பையிலை போட்டு வாயை இறுக்கிக் கட்டி அரை மணித்தியாலம் வெளியிலை வைச்சிட்டுத் திறவுங்கோ.

பேக்கரிப் போறணை, புகையிலைக்குப் பொச்சுப் (தேங்காய் மட்டை) புகை போடுற குடில் மாதிரி இடங்களுக்குப் போறதெண்டால் லென்ஸுக்கு முன்னாலை ஒரு யூவி பில்டர் போடுங்கோ. பொச்சுப் புகையாலை வாற தார் கண்ணாடியிலை மஞ்சளாய் ஒட்டும், உலர்ந்த துணியாலை தேய்ச்சால் பரவும். குடிலுக்குள்ளை நிண்டு எடுக்கவேண்டாம். மூடின இடத்திலை பொச்சு புகையேக்கை காபனோரொட்சைட்டு தேங்கும், அதுக்கு மணமில்லை, தலை சுத்தேக்கை பிந்திப்போகும். கதவை ஒரு சாண் நீக்கி, வெளியிலை நிண்டு எடுங்கோ. ஓலை இடுக்காலை விழுற வெயில் கீற்று புகைக்குள்ளை கம்பி கம்பியாய்த் தெரியும். அதுக்கு ட்ரைபொட், ஐஎஸ்ஓ 400, எஃப் 5.6, 1/30.