தேரடுக்கில் ஒரு மரப் பூந்தொட்டி

மாடித் தோட்டத்துக்கு மரத்தில் ஒரு பூந்தொட்டி செய்ய எண்ணியபோது, மதுரைக்காரர் எவருக்கும் தோன்றுவதைப் போலவே, மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள புதுமண்டபத்துக் கல்தூண்களும் 1636இல் செங்கல்லும் சுதையுமாக எழுந்த திருமலை நாயக்கர் மகாலின் வளைவுகளுமே எனக்கும் முதலில் தோன்றின. வேலைக்கு ஒப்புக்கொண்ட ஆசாரியோ, கல்லுக்கும் சுதைக்கும் உரிய உருவத்தைப் பலகையில் ஒட்டினால் அது வெறும் ஒப்பனையாகவே நிற்கும் என்று சொல்லி, கீழ மாசி வீதியில் நிற்கும் தேரைப் பார்த்துவரச் சொன்னார். கோயிலின் அடிப்பீடமான அதிட்டானத்தில் கீழிருந்து மேலாக நாம் காணும் ஜகதி (அகன்ற அடிப்பகுதி), குமுதம் (புடைத்த பகுதி), கண்டம் (உள்வாங்கிய கழுத்து), பட்டிகை (வெளியே நீளும் மேல்பட்டை) ஆகிய அடுக்குகளைத் தேர்த்தச்சர்கள் மரத்துக்கு ஏற்ப எப்போதோ மாற்றியமைத்துவிட்டார்கள்; நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது மிகக் குறைவு.

தொட்டியின் உள்ளளவு மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஓரடி ஆழம். ஈரமண் நிறைந்தால் நூறு கிலோவைத் தாண்டும் என்பதால், எல்லாவற்றுக்கும் அடியில் வரும் உபானம் என்ற அடுக்கை இரண்டு கனத்த கட்டைகளாக அமைத்து, தளத்துக்கும் தொட்டிக்கும் நடுவே காற்றோட இடம் விட்டோம். குமுதத்தை உருட்டாமல், மூன்று தட்டை முகங்கள் கொண்ட முப்பட்டையாகச் செதுக்கினோம். எனக்கு மிகவும் பிடித்தது மேல்விளிம்பில் வைத்த கபோதம் என்ற வளைந்த இறவாரம்தான். மழைநீர் சுவரில் வழியாமல் வெளியே சொட்டவே கோயிலில் அது வளைந்து நீள்கிறது. இங்கும் அதன் அடிப்புறத்தில் மெல்லிய காடி (நீண்ட பள்ளக்கோடு) ஒன்று எடுத்ததால், நீர் திரும்பி ஊர்ந்து பலகையை நனைப்பதில்லை. ஈரத்தில் பலகை அகலவாக்கில் உப்பும், நீளவாக்கில் ஏறக்குறைய மாறாது. ஆகவே பக்கப்பலகைகளைப் பசையோ ஆணியோ இன்றிக் கால்களின் காடிக்குள் சற்றுத் தளர்வாகச் செருகியிருக்கிறோம். யாளி வேண்டும் என்று வீட்டில் கேட்டார்கள். மறுத்துவிட்டேன், எருவும் சேறும் படியும் இடத்தில் யாளிக்கு என்ன வேலை?

*மேலூரிலிருந்து மற்றோர் உறுப்பினர் எழுதிய மறுமொழி:*

ஐயா, பழைய வீட்டின் தேக்கு நிலைச்சட்டங்களைக் கொண்டு நானும் இவ்வாறே ஒன்று செய்து மல்லிகை வைத்திருக்கிறேன். முப்பட்டைக் குமுதத்தில் நீர் தானே வழிந்துவிடுகிறது. ஆனால் ஜகதியின் மேற்பரப்பு தட்டையாக இருந்தால் அங்கே தேங்கி, மரம் முதலில் அங்கேதான் மக்கத் தொடங்கும். அதனால் அதை வெளிப்புறமாகச் சற்றே சரிவாக இழைக்கச் சொன்னேன். மரத்தின் வெட்டுமுனைகளே அதிக நீர் குடிப்பவை என்பதால், ஆளிவிதை எண்ணெயை மற்ற இடங்களைவிட அங்கே கூடுதலாக ஊறவிடுவது நல்லது.