தங்கம் வைத்துக் கையால் எழுதிய பக்கம்: உங்களுக்கு என்ன நடந்தது?

மாசிக்காய்

நாடகம் முடிஞ்சு எட்டு மாசம் ஆச்சு. அந்த நாக்கு இன்னும் கண்ணை விட்டுப் போகல.

மடாலயக் காட்சி. மேஜை மேல கிடக்குற புத்தகத்துல ஒரே ஒரு பக்கம் நிஜமா இருக்கணும்னாங்க. அயர்லாந்துத் துறவிங்க கையால எழுதின பழைய சுவிசேஷப் புத்தகம் கெல்ஸ் நூல், அதுல 34ஆம் ஏடு எடுத்தேன். எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், கீழே பூனைங்க பார்த்துட்டு இருக்க எலிங்க அப்பத்தைக் கடிக்குமே, அது. கோடு போடவே பதினோரு ராத்திரி. டைரக்டர் கேட்டாரேன்னு பெரிய எழுத்துக்குத் தங்கம். மஞ்சளுக்கு மட்டும் மூலத்துல இருக்கிற மாதிரியே அரிதாரம்ங்கிற மஞ்சள் கல்லு. மூக்குல துணி கட்டிக்கிட்டு அரைச்சேன். அது ஆர்சனிக்னு எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும், அதான் விஷயமே.

ஒத்திகையில பெரிய துறவியா நடிக்கிறவர் கட்டைவிரலை நாக்குல தொட்டார். மஞ்சள் ஓரத்துல வெச்சுப் புரட்டினார். அடுத்த பக்கத்துக்காக விரல் மறுபடி நாக்குக்குப் போகுது. "சார் வேணாம்!" கத்தினது நான்தானான்னு எனக்கே சந்தேகம். எல்லாரும் திரும்பிட்டாங்க.

"என்னம்மா?"

"சார், அது அரிதாரம்."

சிரிச்சார். "நாப்பது வருஷமா அதைத்தானேம்மா மூஞ்சில பூசிட்டிருக்கேன்!"

வாய் கொப்பளிக்க வெச்சோம், ஒண்ணும் ஆகல. அந்தப் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டத்துக்குள்ள போட்டுட்டு, போஸ்டர் கலர்ல வேற ஒண்ணு ரெண்டே நாள்ல வரைஞ்சு குடுத்தேன். ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியல. அது வேற வலிக்குது.

வெளிச்சம்பிடி

நம்மளுது குறும்படம். தங்க ரேக்கு, அகேட் கல்லால தேய்ச்சுத் தேய்ச்சுப் பளபளன்னு ஆக்கினது. மானிட்டர்ல பார்த்தா எழுத்து முழுக்கக் கறுப்பு! "தார் பூசினீங்களாண்ணா?"ன்னான் கேமராமேன். மெருகேத்தின தங்கம் எதிர்ல இருக்கிறதைத்தானே காட்டும், எதிர்ல இருந்தது கறுப்புத் துணி. மூணு வாரம் உழைச்சவனுக்கு இது தோணவே இல்ல.

யாரும் சொல்லாமலே லைட் பையன் ஒருத்தன் தெர்மோகோல் பலகையைத் தூக்கிட்டு வந்து மெதுவா சாய்ச்சான். ஓரத்துல ஒரு கோடு, அப்புறம் பாதி, அப்புறம் மொத்த எழுத்தும் பத்திக்கிச்சு. யாரும் பேசல.

எடிட்டிங்ல அந்த ஷாட்டைத் தூக்கிட்டாங்க.

ஏட்டுச்சுவடி

மாசிக்காய் அவர்களுக்கு: கெல்ஸ் நூலில் தங்கமே கிடையாது. டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் உள்ள 340 ஏடுகளில் எதைப் புரட்டினாலும் பொட்டுத் தங்கம் இராது. பொன்னாகத் தெரிவதெல்லாம் நீங்கள் அரைத்த அந்த அரிதாரம்தான். டைரக்டர் கேட்டார் என்பதற்காக வைத்துவிடுவதா? அந்த நடிகர் முகத்தில் பூசுவதிலும் இப்போது அரிதாரம் இல்லை, பெயர் மட்டுமே மிச்சம்.

என் கதை சின்னது. மாசிக்காய் மசியில் எழுதும்போது வெளிறித் தெரிந்ததால், அதைக் கறுக்க வைக்கும் இரும்பு உப்பான அன்னபேதியை அள்ளிப் போட்டேன். இரண்டு மழைக்காலம் போனதும் எழுத்துகளின் நடுவட்டங்கள் தாளிலிருந்து கழன்று விழுந்திருந்தன. உறையைத் திறந்தால் அடியில் குட்டிக் குட்டி வட்டங்கள்.

ஆகவே புதிதாகச் செய்பவர்கள் கேளுங்கள். மாசிக்காயை ஒன்றிரண்டாக இடித்து மழைநீரில் ஊறப்போட்டு வடிகட்டுங்கள். பிறகு அன்னபேதி, கடைசியில் வேலம்பிசின். மூன்றுக்கு இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கு எனக்குச் சரிப்பட்டது. அன்னபேதி கூடினால் தாளை அரிக்கும். எழுதும்போது வெளிறித்தான் இருக்கும், காற்றுப் பட்டுத்தான் கறுக்கும், பொறுங்கள். இரும்பு நிப் இந்த மசியில் துருப்பிடிக்கும். வாத்து இறகே மேல். இறகைச் சூடான மணலில் செருகிக் கெட்டிப்படுத்திய பிறகே சீவ வேண்டும். சீவும் கத்தி...

ரேக்குக்காரி

சார், கத்தியெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். அவங்க சொன்னது நாக்கைப் பத்தி, தங்கத்தைப் பத்தி இல்ல.

எங்கம்மா தஞ்சாவூர் ஓவியம் போடுறவங்க, அதனால எனக்குக் கொஞ்சம் திமிரு. சாக்குப் பொடியும் பசையும் குழைச்ச மக்கைத் தாள்லயும் மேடா வெச்சு மேல ரேக்கு ஒட்டினேன். அம்சமா இருந்துச்சு. மேடையில அந்தப் பொண்ணு பக்கத்தைத் திருப்பினா. முதல் வரிசை வரைக்கும் கேட்டுது, அப்பளம் ஒடியிற மாதிரி சத்தம். தங்கமெல்லாம் சில்லு சில்லா அவ மடியில. அவ நிஜமாவே அழுதுட்டா, ஜனங்க நடிப்புன்னு கைதட்டினாங்க.

அம்மா ஒரே வார்த்தைதான்: "பலகை வளையுமாடி?"

ஐரோப்பாவுல அந்த மேட்டுல சர்க்கரையோ தேனோ சேர்ப்பாங்க, ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு வளைஞ்சு குடுக்குமாம். ரேக்கு வைக்கிறதுக்கு முன்னாடி குழாய் வழியா வாயால ஊதி அதைத்தான் இளக்குவாங்க. பின்னாடி படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

ஈரக்காற்று

நான் நீலத்தை முதல்ல அடிச்சுட்டேன். ரேக்கு எழுத்துல நிக்கல, ஊதின ஈரத்துக்கு நீலத்துல இருந்த பிசின்ல போய் ஒட்டிக்கிச்சு. மாதாவோட அங்கி பூரா தங்கச் சொறி. தங்கம் முதல்ல, வர்ணம் அப்புறம்னு ஒருத்தராவது சொல்லியிருக்கலாம்.

மாசிக்காய், அந்தச் சட்டம் இப்ப எங்க?

மாசிக்காய்

பீரோ மேல. வர்றவங்க எல்லாம் "தங்கம் நிஜமா?"ன்னுதான் கேக்குறாங்க. மஞ்சளைப் பத்தி ஒருத்தரும் கேக்கல.