ஒரே லெட்சுமி, படத்தில் மூன்று புள்ளிகள்: எப்படி இணைப்பது?

வணக்கம். கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக் குழுவில் இருக்கிறேன். செந்தூல் அடுக்குமாடி ஒன்றில் அவசரத்துக்கு யார் யாரிடம் கைமாற்று வாங்குகிறார்கள் என்பதை வலைப்பின்னலாக வரைகிறோம்: ஆள் ஒரு புள்ளி, கைமாற்று ஒரு கோடு. மார்ச் முதல் மே வரை 64 வீடுகளில் பேசி முடித்தாயிற்று. மென்பொருள் கெஃபி 0.10.

சிக்கல் பெயரில். ஒரு வீட்டில் 'லெட்சுமி', எதிர்வீட்டில் 'லட்சுமி அக்கா', மூன்றாம் மாடியில் 'நாசி லெமாக் விற்கும் அம்மா'. மூவரும் ஒருவரே.

லெவன்ஷ்டைன் தொலைவை (ஒரு பெயரை இன்னொன்றாக்க எத்தனை எழுத்தை மாற்ற, சேர்க்க, நீக்க வேண்டும் என்ற கணக்கு) வைத்து எழுத்து ஒற்றுமை பார்த்தேன். லெட்சுமியை லட்சுமியோடு சேர்த்தது, கூடவே ராஜனையும் ராஜியையும் ஒருவராக்கிவிட்டது. அப்படித் தவறாக ஒட்டிய புள்ளி, தொடர்பே இல்லாத இரண்டு குழுக்களுக்குப் பாலமாகி, 1977இல் ஃப்ரீமன் வகுத்த இடைமை அளவில் (மற்றவர்களை இணைக்கும் மிகக் குறுகிய வழிகளில் ஒருவர் எவ்வளவு இடையில் வருகிறார் என்பது) முதலிடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. இல்லாத பாலம்! வீட்டு எண்ணை வைத்துப் பார்த்ததில் பாதிதான் தீர்ந்தது. வாடகைக்காரர்கள் இடையில் மாறிவிட்டார்கள். தொலைபேசி எண் கேட்டால் முகம் மாறுகிறது. கடன் விஷயம், நியாயம்தான்.

எண் எதுவும் கேட்காமல், எழுத்து வேறுபாட்டையும் அக்கா, அம்மா என்ற அழைப்பையும் தாண்டி ஒரே ஆளை அடையாளம் காண நீங்கள் கையாண்ட முறை எது?