கப்பி என்ற ஆங்கிலக் குடும்பப்பெயர் எந்த ஊருக்கு உரியது?

தொட்டிநீர்:

அனைவருக்கும் வணக்கம். கொசுப்புழுவை ஒழிப்பதற்காக எங்கள் வீட்டுச் சிமெண்ட் தொட்டியில் மூன்று ஆண்டுகளாகக் கப்பி மீன் வளர்த்து வருகிறேன். எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள், "கப்பி என்றால் என்ன பொருள்?" என்று கேட்டாள். வாலையோ வண்ணத்தையோ குறிக்கும் சொல்லாக இருக்கும் என்று எண்ணித் தேடினேன். அது ஓர் ஆங்கிலேயரின் குடும்பப்பெயர் என்று தெரியவந்தபோது வியப்பாக இருந்தது.

தேடல் அதோடு நிற்கவில்லை. 1890இல், பிரிட்டனின் குடும்பப்பெயர்கள் எந்தெந்தக் கவுண்டிகளுக்கு (நம் மாவட்டம் போன்ற பிரிவுகளுக்கு) உரியவை என்று ஆராய்ந்து நூல் எழுதியவர் பெயரும் கப்பிதான். மீனுக்குப் பெயர் தந்தவரும் அந்நூலை எழுதியவரும் ஒருவரே தாமா? 1881ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் கொண்டு வரைந்த ஒரு வரைபடத்தில், இப்பெயர் கொண்டோர் இங்கிலாந்தின் தென்மேற்கில் டார்செட், சாமர்செட் பகுதிகளில் மட்டும் அடர்ந்து காணப்படுகிறார்கள். வடக்கே ஏறத்தாழ வெறுமை. ஒரு பெயர் இப்படி ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருப்பது ஏன்? குடும்பச் சின்னங்களை அச்சிட்டு விற்கும் ஓர் இணையதளம், இது நரி என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது என்றும், 1066இல் பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தைக் கைப்பற்றிய நார்மன் வீரர் ஒருவரே மூதாதை என்றும் சொல்கிறது. நம்பலாமா?

ஏட்டுச்சுவடி:

கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: நம்ப வேண்டாம். சின்னம் விற்போருக்கு எல்லாக் குடும்பங்களின் மூதாதையும் நார்மன் வீரர்தான். உழவரை மூதாதையாகக் காட்டினால் சட்டம் போட்ட படம் விற்காது.

கப்பி என்பது ஓர் இடத்தின் பெயர். டார்செட்டின் மேற்கு ஓரத்தில், லைம் ரீஜிஸ் என்ற கடற்கரை ஊருக்கு வடகிழக்கே வூட்டன் ஃபிட்ஸ்பெய்ன் என்ற சிற்றூர் இருக்கிறது. அதன் திருச்சபைப் பங்கின் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதியின்) எல்லைக்குள் அடங்கிய ஒரு சிறு நிலப்பகுதிக்குத்தான் கப்பி என்று பெயர். குப்பா என்ற பழைய ஆங்கில ஆண்பெயரோடு, வேலியடைத்த நிலத்தைக் குறிக்கும் 'ஹேக்' என்ற சொல் சேர்ந்து, 'குப்பாவின் வேலி' என்ற பொருளில் அப்பெயர் அமைந்தது என்பது இடப்பெயர் ஆய்வாளர்களின் கருத்து. திருநெல்வேலியும் நெய்வேலியும் தெரிந்த நமக்கு, வேலி என்பது ஊர்ப்பெயராவதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இதில் இன்னொரு சுவையும் உண்டு. அவ்வூர்ப் பெயரில் உள்ள ஃபிட்ஸ்பெய்ன் என்ற பின்னொட்டு, அங்கு நிலவுடைமை பெற்றிருந்த ஒரு பெருங்குடும்பத்தின் பெயர். பிரபுக் குடும்பம் தன் பெயரை ஊருக்குக் கொடுத்தது. அதே ஊரின் எல்லைக்குள் வேலிக்குள்ளே உழுத குடும்பம் நிலத்தின் பெயரைத் தான் எடுத்துக்கொண்டது. ஒரே பங்கில் பெயர் இரு திசைகளிலும் பாய்ந்திருக்கிறது.

இப்போது வரைபடத்துக்கு வருவோம். இங்கிலாந்தில் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் குடும்பப்பெயர் என்ற வழக்கம், 1066இல் நார்மானியர் வந்தபின் நிலவுடைமையாளரிடம் தொடங்கி, தென்பகுதியில் 14ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் எளிய மக்களிடமும் பரவிவிட்டது. அவ்வாறு பெயர்கள் உறைந்தபோது, கொல்லர் என்று பொருள்படும் ஸ்மித் என்ற தொழிற்பெயர் நூற்றுக்கணக்கான ஊர்களில் தனித்தனியாகப் பிறந்தது. அதனால் ஸ்மித் எங்கும் இருக்கிறார். ஆனால் கப்பி போன்ற பெயருக்கு ஊற்றுக்கண் ஒன்றே ஒன்றுதான். கொங்கு நாட்டில் ஒரு குடும்பத்தை அது குடியிருக்கும் தோட்டத்தின் பெயரால் இன்னாரென்று அடையாளம் சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அந்தத் தோட்டத்துப் பெயரை ஒரு நாள் அரசாங்கப் பதிவேட்டில் எழுதி, பேரப்பிள்ளைகள் எங்கு குடிபோனாலும் அதையே சுமக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டால் எப்படியிருக்குமோ, அப்படித்தான் இதுவும். உழவர்களும் கூலியாட்களும் பெண் கொடுத்துப் பெண் எடுத்ததும் குத்தகைக்கு நிலம் தேடியதும் பெரும்பாலும் பக்கத்துப் பங்குகளில்தான். ஆகவே ஐந்நூறு ஆண்டுகள் கழித்து 1881இல் தலைகளை எண்ணிப் பார்த்தபோதும், பெயர் பிறந்த வேலியிலிருந்து ஓரிரு நாள் நடைதூரத்துக்குள்ளேயே பெரும்பாலோர் இருந்தார்கள். சாமர்செட் வேறு கவுண்டி என்பதால் தொலைவு என்று நினைத்துவிட வேண்டாம். வூட்டன் ஃபிட்ஸ்பெய்ன் இருக்கும் மூலை டெவன் எல்லையை ஒட்டியது. அங்கிருந்து வடக்கே சென்றால் சாமர்செட்டும் அண்டை வீடுதான்.

வேர்ச்சொல்லான்:

குப்பா என்பது நம் குப்பன் அல்லவா? குப்பன், குப்பம் ஆகிய சொற்களுக்கும் இப்பெயருக்கும் உறவு இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றுகிறது. தமிழர் கடலோடிகளாக இருந்ததை மறந்துவிடக்கூடாது. மேலும், ஆங்கிலேயர் 'கப்பி' என்று அகரம்போல் ஒலிப்பதை நீங்கள் 'குப்பா' என்று உகரத்தில் எழுதுவது எதனால்?

ஏட்டுச்சுவடி:

ஒலி ஒற்றுமை மட்டும் உறவாகாது, ஐயா. பழைய ஆங்கிலத்தில் ஆண்பெயர்கள் ஆகாரத்தில் முடிவது இயல்பு. அவற்றில் ஈரசைச் செல்லப்பெயர்கள் ஏராளம். டார்செட்டின் உள்நாட்டு உழுநிலத்தில் வேலி போட்டவருக்கும் நம் குப்பத்துக்கும் இடையே ஒரு பாலம் வேண்டுமென்றால் ஆவணம் வேண்டும்.

உங்கள் இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி. தென்னிங்கிலாந்தில் குறில் உகரம் பல சொற்களில் அகரத்தை ஒத்த ஒலியாக மாறியது 17ஆம் நூற்றாண்டு வாக்கில்தான். அதற்கு முன் இக்குடும்பத்தார் தம் பெயரைக் 'குப்பி' என்றே சொல்லியிருப்பார்கள். எழுத்தில் பழைய உகரம் நின்றுவிட, நாவில் புதிய ஒலி ஏறிக்கொண்டது. மீன் கடைப் பலகையில் 'குப்பி' என்று எழுதியிருந்தால் கடைக்காரரைத் திருத்தாதீர்கள். அவர் அறியாமலே இடைக்கால உச்சரிப்பைக் காப்பாற்றுகிறார்.

கடலோடி:

இரண்டு கப்பிகளும் வெவ்வேறு மனிதர்கள். பல பக்கங்களில் இவர்களைக் குழப்பிவைத்திருக்கிறார்கள்.

மீனுக்குப் பெயர் தந்தவர் ராபர்ட் ஜான் லெச்மியர் கப்பி. 1836இல் லண்டனில் பிறந்து, வாழ்நாளின் பெரும்பகுதியை டிரினிடாட் தீவில் பள்ளிகளின் மேற்பார்வையாளராகவும் நிலவியல், தொல்லுயிர் ஆர்வலராகவும் கழித்து, 1916இல் மறைந்தவர். அவர் அத்தீவிலிருந்து அனுப்பிய சிறுமீனை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆல்பர்ட் குந்தர் 1866இல் 'ஜிரார்டினஸ் கப்பியி' என்று பெயரிட்டு விவரித்தார். ஆனால் அதே இனத்தை வெனிசுவேலாவில் கிடைத்த மீன்களைக் கொண்டு ஜெர்மானிய அறிஞர் வில்ஹெல்ம் பீட்டர்ஸ் 1859இலேயே விவரித்துவிட்டார். முந்தியவருக்கே முன்னுரிமை என்ற விதிப்படி, மீனின் அறிவியல் பெயர் இன்று 'போசிலியா ரெட்டிகுலாட்டா'. அறிவியல் பெயரிலிருந்து கப்பியை நீக்கினார்கள். ஊர்வாயிலிருந்து நீக்க முடியவில்லை.

நூலாசிரியர் ஹென்றி புரூம் கப்பி 1854இல் கார்ன்வால் கடற்கரை ஊரான ஃபால்மத்தில் பிறந்தவர். கடற்படை மருத்துவராக 1880களின் தொடக்கத்தில் 'லார்க்' என்ற அளவைக் கப்பலில் சாலமன் தீவுகளுக்குச் சென்றார். அங்கு அவர் திரட்டியவற்றுள் ஒரு பெரிய தவளையும் இருந்தது. அதற்கும் அவர் பெயரையே இட்டார்கள். ஆக, மீனொருவருக்கு, தவளையொருவருக்கு.

அவர் பின்னாளில் புகழ்பெற்றது விதைகளால். எந்த விதை கடல்நீரில் எத்தனை நாள் மிதக்கும், எந்த நீரோட்டம் அதை எந்தத் தீவில் ஒதுக்கும் என்று ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். விதை எவ்வளவு தூரம் போகிறது என்று கேட்ட அதே மனம்தான், பெயர் ஏன் போகாமல் நிற்கிறது என்றும் கேட்டது என்பது என் எண்ணம்.

1890 நூலுக்கு அவர் கையாண்ட முறை எளிமையானது. மக்களிலேயே மிகக் குறைவாக இடம்பெயர்வோர் நிலமுள்ள உழவர்கள் என்று கருதிய அவர், கெல்லி நிறுவனம் கவுண்டிதோறும் வெளியிட்ட அஞ்சல் முகவரி ஏடுகளை எடுத்துக்கொண்டு, உழவர் பட்டியலில் உள்ள பெயர்களை மட்டும் எண்ணி, பத்தாயிரத்துக்கு எத்தனை என்று கணக்கிட்டார். முப்பது அல்லது அதற்கு மேற்பட்ட கவுண்டிகளில் காணப்படும் பெயர் ஒரு வகை. ஒரே கவுண்டிக்கு உரியது இன்னொரு வகை. இடையில் நான்கு படிகள். கணினி இல்லாத காலத்தில் தனி ஒருவர் இதைச் செய்து முடித்தார் என்பது எளிய செயலன்று.

குறையும் உண்டு. ஒரு கவுண்டியில் பத்தாயிரத்துக்கு ஏழு பேருக்கும் குறைவாக இருந்தால் அப்பெயரை அவர் விட்டுவிட்டார். கூலியாட்கள், நெசவாளர், மீனவர், நகரவாசிகள் எவரும் கணக்கில் இல்லை. ஆகவே அரிய பெயர் ஒன்றைத் தேடுபவர் அந்நூலில் காணவில்லை என்பதால் அப்பகுதியில் அப்பெயரே இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

தொட்டிநீர்:

மிக்க நன்றி. இருவரையும் ஒருவரே என்று மகளிடம் சொல்லிவைத்திருந்தேன், திருத்திவிட்டேன். இன்னும் ஓர் ஐயம். எல்லாரும் வேலியை விட்டு நகராதவர்கள் என்றால், லண்டனில் ஒருவரும் ஃபால்மத்தில் ஒருவரும் எப்படிப் பிறந்தார்கள்? 1881க்கு முந்தைய பரவலை நானே சரிபார்க்க வழி உண்டா?

ஏட்டுச்சுவடி:

எல்லாரும் நகரவில்லை என்று சொல்லவில்லை, பெரும்பாலோர் நகரவில்லை. நகர்ந்தவர்கள்தான் வரலாற்றில் பெயர் பெற்றார்கள், அதனால் அவர்கள் கண்ணில் படுகிறார்கள். தென்மேற்கு மக்களை ஈர்த்த முதல் பெருநகரம் பிரிஸ்டல். அங்கு வணிகர் சாமுவேல் கப்பியின் மனைவி சாரா, 1811இல் பாலத்தூண்களுக்கு அடித்தளக் கட்டைகள் இறக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். தேநீர் கொதிக்கும்போதே முட்டையை அவித்து, வாட்டிய ரொட்டியைச் சூடாக வைத்திருக்கும் கலம் ஒன்றும் அவர் கண்டுபிடிப்பு. அவர் மகன் தாமஸ் ரிச்சர்ட் கப்பி, பொறியாளர் புரூனலோடு சேர்ந்து 'கிரேட் வெஸ்டர்ன்' நீராவிக் கப்பலை உருவாக்கியவர்களுள் ஒருவர்; அக்கப்பல் 1838இல் அட்லாண்டிக்கைக் கடந்தது. அட்லாண்டிக்குக்கு அப்பாலும் ஒரு கிளை உண்டு: அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து டோவர் ஊரில் 1820இல் பிறந்து விஸ்கான்சின் படைத்தலைவரான ஜோஷுவா கப்பி, தம் பெயரில் கடைசி y எழுத்துக்கு முன் e என்ற எழுத்தைச் சேர்த்து எழுதியவர். தேடும்போது இத்தகைய எழுத்து வேறுபாடுகள் அனைத்தையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஆவணங்களைப் பொறுத்தவரை, 1837 ஜூலைக்குப் பின் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றுக்கும் அரசுப் பதிவு உண்டு. ஃப்ரீ பிஎம்டி என்ற தன்னார்வலர் தளத்தில் பதிவு மாவட்டம் வாரியாகக் கட்டணமின்றித் தேடலாம். 1841 முதல் கணக்கெடுப்புத் தாள்களில் வீட்டிலுள்ள அனைவரின் பெயரும் இருக்கும். 1851 முதல் பிறந்த பங்கும் இருக்கும். லண்டனில் வாழும் ஒருவர் பிறந்தது டார்செட்டில் என்று அந்த ஒரு கட்டம் சொல்லிவிடும். 1931 கணக்கெடுப்புத் தாள்கள் 1942இல் தீயில் அழிந்துவிட்டதால், அந்த ஆண்டைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அதற்கு முன்னே போக வேண்டுமானால் திருச்சபைப் பதிவேடுகள்தான் வழி. அவை 1538இல், அரசர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் ஆணையால் தொடங்கின. ஆனால் தொடக்ககால ஏடுகள் தாளில் எழுதப்பட்டவை. தோலில் படியெடுக்க வேண்டும் என்ற ஆணை 1598இல்தான் வந்தது. அதற்குள் பல பங்குகளில் தாள்கள் மடிந்துவிட்டன. இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1640களிலும் 1650களிலும், பதிவுகளில் இடைவெளி விழும். அந்த இடைவெளியை 1662 முதல் தண்டப்பட்ட அடுப்பு வரிப் பட்டியல்கள் ஓரளவு நிரப்பும். வீட்டில் எத்தனை அடுப்பு என்று எண்ணி வரி போட்டதால், குடும்பத்தலைவர் பெயரோடு அவர் வசதியும் தெரியும்.

கடலோடி:

ஒன்றைச் சேர்க்கிறேன். ஓர் ஊற்றுக்கண் என்பதை வைத்து, இப்பெயருடைய அனைவரும் ஓர் ஆணின் வழித்தோன்றல்கள் என்று எண்ணிவிடக் கூடாது. அதே வேலியில் அடுத்தடுத்துக் குடியிருந்த இரண்டு குடும்பங்கள் ஒரே பெயரைப் பெற்றிருக்கலாம். தத்துப் பிள்ளைகளும் மணமாகாத தாயின் பிள்ளைகளும் வழியை மாற்றியிருக்கலாம். லெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் 40 பிரிட்டிஷ் குடும்பப்பெயர்களை உடைய ஆண்களின் ஒய் குரோமோசோம்களை (தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் செல்லும் மரபுப் பொருளை) ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வில், பெயர் அரிதாக இருக்க இருக்க அதை உடையோரிடம் ஒரே மரபு வழி காணப்படும் வாய்ப்பு கூடுகிறது என்று கண்டார்கள். ஸ்மித் போன்ற பெயரில் அப்படி எதுவும் தென்படவில்லை. ஆண் வழியில் மட்டும் செல்லும் பெயர்கள் தற்செயலாகவே எவ்வளவு விரைவில் அற்றுப்போகும் என்பதை ஆங்கில அறிவியலாளர் ஃபிரான்சிஸ் கால்டனும் கணித அறிஞரான பாதிரியார் வாட்சனும் 1874இலேயே கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். மகன் இல்லாத ஒரு தலைமுறை போதும். அந்தக் கிளையில் பெயர் முடிந்துவிடும். டார்செட்டின் இத்தகைய வேலிப் பெயர்களில் எத்தனையோ அப்படி மறைந்துபோக, இது மட்டும் உங்கள் சிமெண்ட் தொட்டி வரை வந்துவிட்டது.

தொட்டிநீர்:

மகளிடம் படித்துக் காட்டினேன். தொட்டியில் இருக்கும் பெரிய பெண் மீனுக்கு இன்று முதல் சாரா என்று பெயர்.