9-8-4 ஃப்ளொப்பில் ஏஸ்-கிங்: பெட் வைப்பதா, செக் பண்ணுவதா?

உப்புவெளித் தம்பி:
ஞாயிறு பின்னேரங்களில் உப்புவெளியில் ஒரு வீட்டு விறாந்தையில் ஆறு பேர் போக்கர் விளையாடுவோம்: கையில் ஆளுக்கு இரண்டு காட்ஸ், நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. காசு இல்லை, வெறும் சிப்ஸ்தான். பிளைண்ட் (காட்ஸ் பார்க்க முன்னமே இருவர் கட்டாயம் போடுவது) 10, 20. போன கிழமை எனக்கு இஸ்கோப்பன் ஏஸும் டைமன் கிங்கும் வந்தன. கடைசியாக ஆடும் டீலர் இடம் என்னுடையது. 60க்கு ரெய்ஸ் பண்ணினேன் (கூட்டி வைத்தேன்). முன்னமே 20 போட்டிருந்த ஒருவரும், பிக் பிளைண்டில் (20 போடும் இடத்தில்) இருந்த மாமாவும் கோல் பண்ணினார்கள், அதாவது அதே அளவுக்குப் போட்டார்கள். பொட்டில் (நடுவில் சேர்ந்த சிப்ஸ்) 190. ஃப்ளொப்பில் (முதல் மூன்று பொதுக் காட்ஸ்) ஆட்டின் (ஹார்ட்ஸ்) 9, ஆட்டின் 8, கலாவரை 4. இருவரும் செக், ஒன்றும் வைக்கவில்லை. நான் 120 வைத்தேன். ஒருவர் காட்ஸை விட்டுவிட்டார், மாமா கோல் பண்ணினார். அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் விழவில்லை. மாமா 10ஐயும் 8ஐயும் திருப்பிக் காட்டினார். நான் வைத்தது பிழையா?

நிலாவெளி_72:
பிழையே இல்லை தம்பி. ரெய்ஸ் பண்ணினவன் நீ. உன்னிடம் பெரிய ஜோடி இருக்கலாம் என்று அவர்கள் பயப்பட வேண்டும். ஏஸ்-கிங்குக்கு ஃப்ளொப்பில் ஜோடி சேருவது ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவைதான். சேராத நேரமெல்லாம் செக் பண்ணினால் நாலு ஞாயிறுக்குள் மேசையே உன்னைப் படித்துவிடும். கோல் பண்ணினாலும் உனக்கு மூன்று ஏஸ், மூன்று கிங் மிச்சம் இருக்கு. அடுத்த காட்ஸிலேயே நீ காணாத 47இல் 6, கிட்டத்தட்ட 13 சதவீதம்.

உவர்மலை அக்கா:
அண்ணா, அந்த ஆறு காட்ஸும் செக் பண்ணினாலும் அவருக்கு வரும். கடைசியாக ஆடுகிறவர் செக் பண்ணினால் டர்ன் (நாலாவது பொதுக் காட்ஸ்) இலவசம். 120 வைத்தால் யாராவது ரெய்ஸ் பண்ணி அவரைத் துரத்தலாம், அப்போது அந்த ஆறும் போய்விடும்.

கணக்கையும் பார்ப்போம். 190க்கு 120 வைத்தால், அந்த இடத்திலேயே 39 சதவீதம் தடவை எல்லோரும் விட்டால்தான் முதல் தேறும். ஒருவர் பத்தில் ஆறு தடவை விடுவார் என்று வையுங்கள். எதிரில் அவர் மட்டும் என்றால் 60 சதவீதம், தாராளம். இரண்டு பேர் என்றால் 0.6ஐ 0.6ஆல் பெருக்க வேண்டும், 36தான் வரும். அதே கை, அதே ஃப்ளொப், ஒரு ஆள் கூடினதும் லாபம் நட்டமாகிறது. எங்கள் பெடியள் விடுகிற பிழை இதுதான். எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று எண்ணாமலே சிப்ஸைத் தள்ளுகிறார்கள்.

304 என்ற காட்ஸ் விளையாட்டை விளையாடி வளர்ந்தவர்களுக்கு இன்னொரு சிக்கல். அதில் ஜாக்கிக்கு 30, 9க்கு 20, ஏஸுக்கு 11 என்று ஒவ்வொரு காட்ஸுக்கும் தனிப் பெறுமதி உண்டு. போக்கரில் ஜோடி சேராத ஏஸ்-கிங்கை ஒரு சின்ன 4 ஜோடி வென்றுவிடும்.

நிலாவெளி_72:
சரி, 120 கூடத்தான். 60 வைக்கலாமே? 24 சதவீதம் தடவை விட்டாலே போதும். உங்கள் 36 அதைத் தாண்டுகிறது.

உவர்மலை அக்கா:
60க்கு யார் பத்தில் ஆறு தடவை விடுவார்கள்? பெட் சிறிதானால் விடுவதும் குறையும். கையில் இரண்டு ஆட்டின் வைத்து, ஐந்து ஆட்டின் சேர்க்கப் பார்ப்பவர் 60 போட்டால் பொட் 310. முதல் தேற அவருக்கு வேண்டியது 19 சதவீதம், அடுத்த காட்ஸில் ஆட்டின் விழும் வாய்ப்பும் 19தான். சரியான விலைக்கு நீங்களே விற்கிறீர்கள்.

கிங்-7-2, மூன்றும் வேறு வேறு சாதி என்று விழுந்திருந்தால் நானும் யோசிக்காமல் 60 வைப்பேன். அது ரெய்ஸ் பண்ணினவருடைய ஃப்ளொப். 9-8-4 கோல் பண்ணினவர்களுடையது. ஜாக்கி-10, 7-6, 10-8 எல்லாம் அதில் ஒட்டும்.

நிலாவெளி_72:
ஒட்டும்தான். ஆனால் ராணி ஜோடி வந்தால் வைத்து, ஏஸ்-கிங் வந்தால் செக் பண்ணினால் ஒளிக்க என்ன இருக்கு? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

உவர்மலை அக்கா:
ராணி ஜோடியையும் சில தடவை செக் பண்ண வேண்டும். மற்றது, ஏஸ்-கிங் இரண்டில் ஒன்று ஆட்டினாக இருந்தால் நானும் சில தடவை வைப்பேன். தம்பியின் கையில் ஒரு ஆட்டின்கூட இல்லை.

உப்புவெளித் தம்பி:
ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். மாமா ஒரு ஜோடி பிடித்தால் விடவே மாட்டார். பிளேன்டீக் கோப்பையைக் கதிரைக்குக் கீழே வைத்துவிட்டு, சிப்ஸை ஒவ்வொன்றாக எண்ணி, சுண்டுவிரலால் தள்ளுவார். "மற்றக் காட்ஸையும் பாப்பமே" என்பார். அன்றைக்கும் அப்படித்தான் தள்ளினார்.

உவர்மலை அக்கா:
அப்போ பத்தில் ஆறு என்ற என் கணக்கே அவருக்கு அதிகம். அவர் உள்ளே இருந்தால் வெறும் கையோடு வைக்காதீர்கள். கிங் விழுந்த அன்றைக்கு 120 வையுங்கள், டர்னிலும் வையுங்கள். 8 ஜோடியோடு கோல் பண்ணுவார்.

நிலாவெளி_72:
மாமாவுக்கு எதிராக ஒத்துக்கொள்கிறேன். விட்டுப்போன மற்றவர் மட்டும் எதிரில் இருந்தால், இதே ஃப்ளொப்பில் நான் வைப்பேன்.

உப்புவெளித் தம்பி:
அவர் மட்டும் என்றால் நானும் வைப்பேன் அண்ணா. மாமா வந்தால் செக்.